கண்ணாடி வீட்டுப் புகையான்

நவம்பர் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய கனத்த உறை வந்து சேர்ந்தது. ஐந்து வருஷமாக ஒரு வரி எழுதாத மனுஷர் இரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறாரே, என் மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். மாடியிலிருந்து இறங்கி, கீழே தையற்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அது தெரியாமல் இருந்தவர்களுக்கும் நீங்கள்தான் தெரியப்படுத்தினீர்கள். தையற்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு உரக்கப் படித்தார். இதையும் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார்.

என் சௌக்கியத்துக்கு அரை வரி, மீதி முழுக்க நெல். புகையான் தொடவே தொடாது என்று சொல்லி ஊர் ஊராக விதை கொடுத்தீர்களே, அந்த உங்கள் ரகம் இந்தப் போகத்தில் வட்டம் வட்டமாகக் கருகிப் போயிற்றாம். விசாரணை வைத்திருக்கிறார்களாம். இரண்டாவது பக்கத்தில் நான் பேசியதாக நீங்களே எழுதிய வாக்குமூலம்: "பூச்சிக் கூடத்தைப் பராமரித்து வந்த நான், ஒவ்வொரு பருவமும் வயலிலிருந்து புதிய பூச்சிகளைக் கொணர்ந்து கலக்க வேண்டிய கடமையை எனது அசட்டையினால் நிறைவேற்றவில்லை." அதற்குக் கீழே, நான் பெருவிரல் வைக்க, பென்சிலால் ஒரு வட்டம்.

தையற்காரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏங்க, இது நீங்க பேசுற மாதிரியே இல்லையே! நீங்க பேசினா நடுவுல ரெண்டு கெட்ட வார்த்தை வந்திருக்குமே?"

அவருக்கு நான் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதாயிற்று. புகையான் என்பது எள்ளளவு பூச்சி. நெல்லின் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு நாள், கொதிக்கிற அண்டாவை இறக்கி வைத்த மாதிரி வயல் நடுவில் ஒரு வட்டம் காய்ந்து நிற்கும். இந்தப் பூச்சியைத் தாங்குகிற குணம் சில நெல்லுக்குப் பிறவியிலேயே உண்டு. அது எதற்கு உண்டு என்று கண்டுபிடிக்க, தட்டில் ரகத்துக்கு ஒரு வரியாக நாற்று வளர்த்துப் பூச்சியை விடுவார்கள். செத்தது குப்பைக்கு, நின்றது ஆபீசருக்கு. ஆக, நெல்லுக்குப் பரீட்சை வைக்கிற வாத்தியார் பூச்சி. அந்த வாத்தியாருக்கு நாற்பத்தொரு வருஷம் சோறு போட்டவன் நான். இவ்வளவு சொன்னதும் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. படித்தவர் உங்களுக்குப் புரிய நாள் எடுக்கிறது.

வட்டம் காலியாகவே திரும்பி வருகிறது. புதுப் பூச்சி கொண்டுவருவதை நான் நிறுத்தியது உண்மை. யார் சொல்லி நிறுத்தினேன் என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா, இல்லை எனக்கு மறந்திருக்கும் என்ற தைரியமா?

மகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு, உங்கள் மாமனார்


நவம்பர் 15

மாமா அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப விஷயத்தைத் தையற்கடையில் உரக்கப் படிக்க வைத்ததற்கு மிக்க நன்றி. சட்டை தைக்க வந்தவர்களும் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள்.

யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்று கேட்கிறீர்கள். நான் சொல்லித்தான். ஏன் சொன்னேன் என்பதையும் அந்த அம்மையாருக்கு விளக்கியிருக்கலாமே? அதற்கு முந்தைய பருவத்தில் நீங்கள் வயலிலிருந்து கொண்டுவந்த பூச்சிகளோடு ஒரு ஒட்டுண்ணிக் குளவியும் உள்ளே வந்தது. புகையானின் முட்டைக்குள் முட்டையிடும் குளவி. நாற்பது நாட்களில் பூச்சிக் கூடமே காலி. ஒரு வருட ஆராய்ச்சி வீண். அந்த வருடம் மேலதிகாரி முன் தலை குனிந்து நின்றது நான், நீங்கள் அல்ல.

இப்போதைய நிலைமையைத் தங்களுக்குப் புரியும் வகையில் சொல்கிறேன். என் இரண்டாவது ரகம் தயார். ஜனவரி 20 அன்று வெளியீடு. இரண்டாயிரம் மூட்டை விதை கிடங்கில் இருக்கிறது. பூச்சிக் கூடத்தில் தவறு ஒரு அதிகாரியின் உத்தரவால் நடந்தது என்று விசாரணையில் முடிவானால், இந்த ரகமும் நிற்கும், பன்னிரண்டு வருட உழைப்பும் போகும், நானும் போவேன். தவறு ஒரு ஊழியரின் கவனக்குறைவு என்றால் கோப்பில் ஒரு குறிப்பு எழுதி மூடிவிடுவார்கள். உங்களை யாரும் எதுவும் செய்துவிட முடியாது. நிறுத்தி வைப்பதற்கு உங்களுக்கு ஓய்வூதியம்கூடக் கிடையாது.

மறு நகல் இணைத்துள்ளேன். உங்கள் மகளின் வீடும் இதில்தான் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளவும்.

தங்கள் மருமகன்


நவம்பர் 21

மாப்பிள்ளை அவர்களுக்கு,

குளவி வந்தது நிஜம். என் கூண்டில்தான் வந்தது. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். முட்டை பழுப்பாகாமல் கறுத்திருந்ததை ஒரு வியாழக்கிழமை பார்த்தேன். செவ்வாயே பார்த்திருக்க வேண்டும். என் தப்பு.

ஆனால் நீங்கள் உத்தரவு போட்ட நாளையும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கண்ணாடிக் கூடம் திறந்து பதினோராம் நாள். நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தீர்கள். இடது பையில் பேனா கசிந்து ஒரு கறை. பார்வையிட வந்த பெரிய மனுஷர்கள் ஆறு பேர், அதில் இருவர் பெண்கள். இரண்டு நாள் நான் சேற்றில் குனிந்து, கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி உறிஞ்சி, நானூறு பூச்சி பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றேன். உங்கள் வீட்டுக்குள் நான் "மாமா". கண்ணாடிக் கூடத்து வாசலில் என்ன சொன்னீர்கள்?

"யோவ், அந்தக் குப்பையை உள்ள கொண்டு வராதே. எத்தனை தடவை சொல்றது? உள்ள இருக்கிறது சுத்தமான பூச்சி. வெளியில இருந்து இனிமே ஒண்ணுகூட வரக்கூடாது."

"தனிக் கூண்டுல ஒரு தலைமுறை வச்சுப் பார்த்துட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதே."

என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தீர்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் சிரித்தார். விதை எண்ணும் அறை ஜன்னலிலிருந்து என் மகள் பார்த்தாள். விதை எண்ண வந்த பெண்ணின் விதையைப் பார்க்காமல் கையைப் பார்த்துக் கல்யாணம் செய்தவர் நீங்கள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அது போகட்டும். இப்போது நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் இரண்டாவது ரகத்தை எந்தப் பூச்சியை விட்டுப் பார்த்தீர்கள்? அதே கூடத்துப் பூச்சியா? அப்படியானால், அந்தப் பூச்சி வெளி உலகம் பார்த்து ஒன்பது வருஷம். மாதத்துக்கு ஒரு தலைமுறை. நூறு தலைமுறைக்கு மேல், கடித்தால் கரைகிற சோப்ளாங்கி நெல்லை மட்டுமே தின்று, மழை தெரியாமல், சிலந்தி தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பூச்சி. அது சொகுசுப் பூச்சி. வயல் பூச்சியோ, நீங்கள் எல்லோரும் இத்தனை வருஷம் விட்ட ரகங்களை ஒவ்வொன்றாகத் தின்று பழகிய பூச்சி. மெத்தையில் படுத்துக் கிடக்கிறவனோடு மல்லுக்கட்டி ஜெயித்தவனைப் பயில்வான் என்று ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

இரண்டாவது ரகத்தில் ஒரு பிடி விதை அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.

(இந்த இடத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. தையற்காரி.)

இப்படிக்கு, உங்கள் மாமனார்


நவம்பர் 27

மாமா அவர்களுக்கு,

விதை அனுப்ப இயலாது. வெளியீட்டுக்கு முன் நிலையத்தை விட்டு ஒரு மணிகூட வெளியே போகக்கூடாது என்பது விதி. நிலையத்தில் நாற்பத்தொரு வருடம் இருந்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களுக்குப் பூச்சி பிடிக்கத் தெரியும். மரபணு பற்றித் தெரியாது. முதல் ரகத்தில் எதிர்ப்புக்கு ஒரே ஒரு மரபணுதான் இருந்தது. ஒரு கதவு, ஒரு பூட்டு. பூச்சி அதைத் திறக்கக் கற்றுக்கொண்டது. இரண்டாவது ரகத்தில் இரண்டு மரபணுக்களைச் சேர்த்திருக்கிறேன். காட்டு நெல் ஒன்றிலிருந்து ஒன்றை எடுத்து ஏழு தலைமுறை கலப்புச் செய்து சேர்த்தது. அது தோற்காது. மாடியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் தீர்மானிப்பது எளிது.

நீங்கள் சொல்லும் அந்த உத்தரவு எழுத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும் உங்களால் படித்திருக்க முடியாது.

விசாரணை ஜனவரி 17. அதற்குள் காகிதம் வர வேண்டும்.

தங்கள் மருமகன்


டிசம்பர் 24

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இந்த உறையில் வைக்கோல் மாதிரி ஏதோ உதிர்ந்தால் தட்டிவிட வேண்டாம். அது உங்கள் இரண்டாவது ரகம்.

விதை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஒரு துணிப் பொட்டலம் வந்தது. உள்ளே மூன்று முடிச்சு. எழுதினால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தவள் கட்டியது. ஒரு நூல் கட்டினது சோப்ளாங்கி நெல், இரண்டு நூல் உங்கள் முதல் ரகம், மூன்று நூல் இரண்டாவது. உங்கள் விதியை அவள் மீறினாள். அவளிடம் ஒரு வார்த்தை உயர்ந்தால் நான் அங்கே வருவேன், பூச்சியோடு.

பூச்சிக்காக பஸ் பிடித்துக் கருகிய வயலுக்குப் போனேன். எனக்கு எழுபத்துநான்கு. குனிந்தால் நிமிர்வதற்கு ஒரு யோசனை வேண்டியிருக்கிறது. கருகின வட்டத்தின் ஓரத்தில், இன்னும் பச்சை மிச்சம் இருக்கிற தூரில் குழாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். வயல்காரம்மா வரப்பில் வந்து நின்றார். நாற்பது வயசு இருக்கும். இடுப்பில் கை.

"பெரியவரே, என்ன தேடுறீங்க?"

"பூச்சிம்மா. கொஞ்சம் பிடிச்சுக்கறேன்."

"கொஞ்சம் என்னங்க, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. நானா வேண்டாங்கறேன்?" அப்புறம், "பூச்சி தொடாதுன்னு சொல்லித்தான் விதை கொடுத்தாங்க. சொன்னபடியே தொடலீங்க. நேரா தின்னுடுச்சு" என்றார்.

நான் குழாயை அடுத்த தூருக்கு நகர்த்தினேன்.

"நீங்க யாரு? ஆபீசா?"

"இல்லம்மா. அந்த ஆபீசுல பூச்சி வளர்த்தவன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வளர்த்தீங்களா? நல்லாத்தான் வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகிறபோது என் பாட்டில் மேல் வெயில் படாமல் தன் துண்டை நனைத்துப் போர்த்திவிட்டுப் போனார். அந்தத் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தையற்காரம்மா கொசுவலையில் கூண்டு தைத்துக் கொடுத்தார். துணி ஊறவைக்கிற அகலத் தட்டில் சேறு போட்டு மூன்று வரி விதைத்தேன். ஏழாம் நாள் பூச்சி விட்டேன், நாற்றுக்குப் பத்து வீதம். மூன்றாம் நாள் சோப்ளாங்கி மஞ்சளித்தது. ஐந்தாம் நாள் உங்கள் முதல் ரகம் தலை தொங்கியது. மூன்றாவது வரி நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அது நிற்க வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் மேல் ஆசையால் இல்லை. அந்த வயல்காரம்மா அடுத்த போகமும் ஏதாவது விதைத்துத்தானே ஆக வேண்டும்? ஆறாம் நாள் நுனி சுருண்டது. எட்டாம் நாள் காலையில் வலையைத் தூக்கினால் மூன்று வரியும் ஒரே நிறம். உங்கள் இரண்டு பூட்டையும் அது திறந்துவிட்டது. கதவோடு தின்றது.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தையற்காரம்மா எழுதத் தயங்குகிறார், எழுதச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் பேசாதே என்றீர்கள். நான் பேசவில்லை. அதற்கடுத்த வருஷம் உங்கள் முதல் ரகத்தைத் தட்டில் போட்டு, வரி வரியாக நான் பார்த்துச் சொல்ல நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். மார்க் கணக்கில் செத்த வரிக்கு ஒன்பது, நின்ற வரிக்கு ஒன்று. உங்கள் ரகம் பதினேழாவது வரி. "ஒண்ணு" என்று என் வாயால்தான் சொன்னேன். நீங்கள் குதித்தீர்கள். பூச்சி சோம்பிப்போய் வலையில் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே போனால் இந்த நெல் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒன்று என்றேன். விழட்டும், ஆறு பேர் முன்னால் விழட்டும் என்று நினைத்தேன். உத்தரவுக்குப் பிறகு அங்கே இருந்த நாலு வருஷமும், வேலையை விட்டு வந்து இந்த ஐந்து வருஷமும், எங்கே யாருடைய வயல் கருகப் போகிறது என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. உங்கள் முகம் கருகுவதை மட்டும்தான் யோசித்தேன்.

அந்த வயல்காரம்மா நீங்க யாரு என்று கேட்டபோது நான் பாதிதான் சொன்னேன்.

ஆக, வாக்குமூலம் இப்படி எழுதுங்கள்: உத்தரவு உங்களுடையது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தது நான். இரண்டும் இருந்தால் விரல் வைக்கிறேன். இரண்டாயிரம் மூட்டையும் கிடங்கை விட்டு நகரக் கூடாது.

இப்படிக்கு, உங்கள் மாமனார்


ஜனவரி 7

மாமா அவர்களுக்கு,

உங்கள் துணி ஊறவைக்கும் தட்டின் முடிவை ஒரு ஆராய்ச்சியாளன் ஏற்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே நானே செய்து பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே கருகிய வயல் ஒன்றுக்குப் போனேன். இரண்டாவது ரகத்தின் ஏழு நாள் நாற்றுகள் கூடத்தில் தயாராக இருந்தன. இரண்டு தட்டு. ஒன்றில் கூடத்துப் பூச்சி, மற்றதில் வயல் பூச்சி.

உங்களைப் போல் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச எனக்கு வரவில்லை. முதல் மூன்று பூச்சி தொண்டைக்குள் போயின. இதைக் கேட்டுத் தையற்கடையே சிரிக்கட்டும்.

கூடத்துப் பூச்சி விட்ட தட்டு இன்றும் பச்சை. வயல் பூச்சி விட்ட தட்டு எட்டாம் நாள் வைக்கோல். இரண்டையும் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் இயக்குநரின் மேஜையில் வைத்தேன். அவர் முதலில் கேட்டது, மேஜை விரிப்பு அழுக்காகிறதே என்பதுதான். பிறகு பார்த்தார். 20ஆம் தேதி வெளியீடு நிறுத்தப்பட்டது. மூட்டைகள் கிடங்கிலேயே இருக்கின்றன.

விசாரணைக்கு என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளிப் பூச்சி வேண்டாம் என்ற உத்தரவு என்னுடையது, வாய்மொழியாகச் சொன்னது, தனிக் கூண்டு யோசனையைக் கேட்க மறுத்தது, எல்லாம் அதில் உண்டு. பதவி போகும், அல்லது எங்காவது மாற்றுவார்கள். உங்கள் மகள் அதற்கெல்லாம் அசரவில்லை. அவள் ஜன்னலிலிருந்து பார்த்தது எனக்கு இதுவரை தெரியாது. கேட்டேன். "மாசம் ஒரு தடவையாவது கனவுல வரும்" என்றாள்.

நீங்கள் கடைசியில் சொல்லியிருந்த பகுதியை நான் எழுதவில்லை. ஒரு கூலியாள் மனதுக்குள் என்ன நினைத்தார், ஏன் பேசவில்லை என்பது விசாரணைக்கு அவசியமற்றது. அதைப் பொருட்படுத்துகிறவர் அங்கே யாரும் இல்லை. ஆகவே நீங்கள் 17ஆம் தேதி வரத் தேவையில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் மருமகன்


ஜனவரி 11

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மூன்று பூச்சி உங்கள் தொண்டைக்குள் போனதைக் கேட்டுத் தையற்காரம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு முதல் நாளில் பதினொன்று போயிற்று.

தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தீர்களே, அது ஒரு காரியம். அதைக் காரியம் என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் என் பெயரை அடித்துவிட்டு எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கூலியாளின் வாய் கணக்கில் வராதாம். மாப்பிள்ளை, நீங்கள் உத்தரவு போட்டது ஒரு நிமிஷ வேலை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது ஒன்பது வருஷ வேலை. பெரிய வேலை செய்தவன் பெயரை விட்டுவிட்டு, சின்ன வேலை செய்த ஆபீசர் மட்டும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது உங்கள் நிலையத்தில் ஒன்றும் புதிசில்லை. நல்லதிலும் என் பங்கை எடுத்துக்கொண்டீர்கள், கெட்டதிலும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். என் மேல் இரக்கமா, இல்லை இளக்காரமா என்று தையற்காரம்மாவிடம் கேட்டேன். உங்களுக்கே தெரிந்திருக்காது என்கிறார் அவர்.

17ஆம் தேதி காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். தனியாக இல்லை. முந்தாநாள் அந்த வயலுக்குப் போய்த் துண்டைக் கொடுத்துவிட்டு, வயல்காரம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். "எதுக்குங்க, விதை திரும்பத் தரப்போறாங்களா?" என்று கேட்டார். இல்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும், உங்களை உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். "இங்கேயே சொல்லுங்களேன்" என்றார். வரப்பில் நின்று அவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டால் அது மன்னிப்புக் கேட்டதாகிவிடும். எனக்கு மன்னிப்பு வேண்டாம். உங்கள் ஆட்கள் எழுதிக்கொள்கிற இடத்தில் சொல்ல வேண்டும்.

பதினேழாவது வரியை நான் தெரிந்தே ஒன்று என்றேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கேட்டுவிட்டு அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. வாய் மட்டும் பேசுகிற ஆளாக எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினாலும் கழற்றுவார்.

நீங்கள் ஆபீசர்கள் வரிசையில் போய் உட்காராதீர்கள். என் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். குறி தவறினால் உங்கள் மேல் படட்டும்.

இப்படிக்கு, உங்கள் மாமனார்